குட்டியின் தசை தாயின் வயிற்றிலேயே

ஒரே ஈற்றுக் குட்டிகளுள் ஒன்று திரண்டு வளரும். இன்னொன்று எவ்வளவு தவிடு வைத்தாலும் மெலிந்தே நிற்கும். "ராசியில்லாத குட்டி" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் காரணத்தின் பெரும்பகுதி பிறப்புக்கு முன்பே உருவாகிவிடுகிறது.

பன்றியின் சினைக்காலம் ஏறத்தாழ 114 நாட்கள். மூன்று மாதம், மூன்று கிழமை, மூன்று நாள் என்று நினைவில் வைக்கலாம். இறைச்சி என்பது, கயிற்றின் புரிகளைப் போல, மெல்லிய தசைநார்களின் கட்டு. சினையின் 35ஆம் நாளளவில் முதல்நிலை நார்கள் தோன்றத் தொடங்குகின்றன. 55ஆம் நாளளவிலிருந்து அவற்றைச் சுற்றி இரண்டாம்நிலை நார்கள் பெருந்தொகையாக உண்டாகின்றன. 90ஆம் நாளளவில் எண்ணிக்கை பெரும்பாலும் முடிந்துவிடும். பிறந்தபின் நாம் வைக்கும் தீன் இருக்கும் நார்களைத் தடிப்பாக்கும், நீளமாக்கும். புதியவற்றைப் பெரிதாகக் கூட்டாது.

எந்தக் கலம் தசையாவது என்று யார் தீர்மானிப்பது? ஈரல் கலத்திலும் தசைக் கலத்திலும் பரம்பரையலகுகள் ஒரே தொகுதிதான். எவை விழித்திருக்கின்றன, எவை உறங்குகின்றன என்பதிலேயே வேறுபாடு. 1987இல் அமெரிக்காவின் சியாற்றில் நகர ஆய்வாளர்கள் 'மயோடி' என்ற அலகை எலியின் வேறுவகைக் கலங்களில் இயங்கச் செய்தபோது, அவை தசைக் கலங்களாக மாறின! பன்றிக்கும் இதே அலகு உண்டு. அதன் கூட்டாளியான 'மயோஜெனின்' விழித்ததும் கலங்கள் பெருகுவதை நிறுத்தி, ஒன்றோடொன்று இணைந்து நாராகின்றன.

கருப்பையில் நெருக்கடிப்பட்டு உணவு குறைவாகப் பெறும் குட்டியில் முதல்நிலை நார்கள் பெரிதும் குறைவதில்லை. இரண்டாம்நிலை நார்களே குறைகின்றன. பின்னர் அது தின்பதில் கூடிய பங்கு கொழுப்பாகிறது.

ஆகவே, வயிறு தெரியும்வரை சினைப்பன்றிக்கு மிச்சம்மீதி போதும் என்று விடுவது நட்டம். தவிட்டோடும் அவித்த மரவள்ளியோடும் புண்ணாக்கோ, நன்கு அவித்த மீன்கழிவோ சேர வேண்டும். அளவுக்கு மிஞ்சியும் வேண்டாம். கொழுத்த தாய் ஈனும்போது வருந்தும்.

கையில் உள்ள சிறு பணத்தில் ஒரே குட்டி வாங்கி மீண்டும் தொடங்குவோர், விலை குறைவென்று ஈற்றின் கடைக்குட்டியை வாங்காதீர்கள். பிறக்கும்போது ஒரு கிலோவுக்குக் குறைந்த குட்டி பின்தங்கவே கூடும். உங்கள் பன்றியே அப்படியொன்றை ஈன்றால், பால் கூடுதலாகச் சுரக்கும் முன்முலைகளில் அதைப் பிடித்துவிடுங்கள். நார்களின் எண்ணிக்கை கூடாது, ஆனால் குட்டி பிழைக்க வழியுண்டு.