டயல் டோன் இல்லையா? கோளாறு வீட்டிலா, வெளியிலா?

ஆடிக் காற்று அடித்தால் இன்டர்நெட் கட். ஐப்பசி மழை பெய்தால் போனில் கரகரப்பு. தேனி மாவட்டம் ஓடைப்பட்டி போன்ற ஊர்களில், திராட்சைத் தோட்டத்து வீடு வரை போஸ்ட், மரக்கிளை, கூரை ஓரம் என்று வெட்டவெளியில் வரும் டெலிபோன் வயருக்கு இது சகஜம். உடனே மோடத்தை மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள். கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

ரொசெட் பாக்ஸில் தொடங்குங்கள்

வெளியிலிருந்து வரும் வயர் முதலில் சேரும் சிறு பெட்டிதான் ரொசெட் பாக்ஸ். அதில் வீட்டுக்குள் போகும் வயர்களைக் கழற்றிவிட்டு, நன்றாக வேலை செய்யும் ஒரு போனை நேரடியாக இணையுங்கள். டயல் டோன் தெளிவாகக் கேட்டால் வெளி லைன் நன்றாக இருக்கிறது. கோளாறு உங்கள் வீட்டு வயரிங்கில். இங்கேயும் கரகரப்பு என்றால் லைன்மேன்தான் வரவேண்டும்.

மல்டிமீட்டர் இருந்தால் டி.சி. 200 வோல்ட்டில் வைத்து அளக்கலாம். ரிசீவர் கீழே இருக்கும்போது ஏறத்தாழ 48 வோல்ட் காட்டும். ரிசீவரை எடுத்தால் 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கும். எந்தப் போனும் இணைக்காதபோதே குறைவாகக் காட்டினால் லைனில் ஷார்ட் அல்லது ஈரக்கசிவு இருக்கலாம். மணி அடிக்கும்போது சுமார் 75 வோல்ட் ஏ.சி. வரும் என்பதால் வெறும் கம்பியைத் தொடாதீர்கள். இடி, மின்னலின்போது இந்த வேலையே வேண்டாம். டெலிபோன் வயர் மேல் கரண்ட் வயர் விழுந்திருந்தால் அருகில் போகாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் கோளாறு என்றால்

எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாகத் திரும்ப இணையுங்கள். எதை இணைத்ததும் கரகரப்பு வருகிறதோ, அந்த வயரில்தான் பிரச்சினை. பெரும்பாலும் பச்சை பூத்த ஜாயின்ட்தான் காரணம். அதை வெட்டி, புதுக் கம்பி தெரியும்படி சீவி இறுக்கி முறுக்குங்கள். ரிசீவர் சரியாக வைக்கப்படாத ஒரு போன் இருந்தாலும் லைன் செத்ததுபோல் தெரியும்.

பிராட்பேண்ட் அடிக்கடி அறுந்தால்

செம்புக் கம்பியில் பேச்சு 3,400 ஹெர்ட்ஸுக்குள் போகிறது. பிராட்பேண்ட் சிக்னல் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகிறது. இரண்டையும் பிரிப்பதுதான் ஸ்பிளிட்டர். அதை லைன் நுழையும் இடத்திலேயே வையுங்கள். எல்லாப் போன்களும் அதன் 'போன்' துளையிலிருந்தே போகவேண்டும். ஸ்பிளிட்டரைச் சுற்றி ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் போனாலும் மோடம் தடுமாறும். மோடம் பக்கத்தில் (பல மோடங்களில் 192.168.1.1) எஸ்.என்.ஆர். மார்ஜின் 6 டெசிபலுக்குக் கீழே இருந்தால் இணைப்பு அறுந்துகொண்டே இருக்கும்.

ஃபைபருக்கு மாறியவர்களுக்கு

பழைய வீட்டு வயரிங்கை ஃபைபர் மோடத்தின் போன் துளையில் இணைக்குமுன், வெளிச் செம்பு லைனை ரொசெட்டில் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பக்க வோல்டேஜும் மோதி மோடம் பழுதாகலாம். எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை. ஃபைபர் வயர் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வயர் நுனிக்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள்.

புகார் செய்யும்போது 'போன் வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொல்லாமல், 'ரொசெட்டிலேயே டயல் டோன் இல்லை, இத்தனை வோல்ட்தான் வருகிறது' என்று சொல்லிப் பாருங்கள். எங்கே தேடவேண்டும் என்பது லைன்மேனுக்கு உடனே புரியும்.