அடிநாச்சதை நீக்கத்திற்குப் பின் பெரியவர்கள் தேறுதல்

அடிநாச்சதை (டான்சில்) நீக்க அறுவைக்குப் பின் பெரியவர்கள் தேற ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் ஆகும். சிறுவர்களைவிட வலியும் கூடுதல். பேச்சுவழக்கில் இதை 'உள்நாக்கு ஆபரேசன்' என்பாரும் உளர். உள்நாக்கு வேறு உறுப்பு.

காயத்தின் மேல் படியும் வெண்படலம் சீழ் அன்று, புண் ஆறுவதன் அடையாளம். தொண்டைக்குச் செல்லும் நரம்பின் கிளை நடுக்காதுக்கும் செல்வதால் காதும் வலிக்கும். வலிக்குப் பயந்து விழுங்காதிருப்பதே பெருந்தவறு; தொண்டை வறண்டு வலி மிகும். பொள்ளாச்சி இளநீர், ஆறிய நொய்க்கஞ்சி, பின்னர் மிளகாய் சேர்க்காமல் குழைய வேகவைத்த அரிசிம்பருப்புச் சோறு ஆகியவை கொங்கு வீடுகளில் எளிதில் கிடைப்பவை. முறுக்கு கூடாது.

5 முதல் 10 நாட்களுக்குள் படலம் உதிரும்போது இரத்தம் கசியலாம். எச்சிலில் புதுச் சிவப்பு இரத்தம் தென்பட்டால், சிறிதளவாயினும், இரவென்று பாராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.