பழைய டேட்டாபேஸ்: ஒரே இரவில் மாத்துறதா, துண்டு துண்டாகவா?



இந்தக் கிழமை எபிசோடில் பழைய டேட்டாபேஸ் பற்றிக் கதைச்சோம். நேரம் போதாமல் விட்டதை இங்கே எழுதுறேன். உங்களில் பலர் இப்பதான் முதல் வேலைக்குப் போயிருப்பீங்க. அங்கே ஏதோ ஒரு மூலையில் எஸ்கியூஎல் சர்வர் 2012 ஓடிக்கொண்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் அதற்குக் கொடுத்த நீட்டிப்பு ஆதரவு 2022 ஜூலையில் முடிந்தது. காசு கட்டி வாங்கும் பாதுகாப்புத் திருத்தங்களும் 2025 ஜூலையோடு சரி. அதைத் தொட எல்லாருக்கும் பயம். ஒருநாள் மேனேஜர் உங்களிடம் வந்து, "இதை மாத்தணும், என்ன வழி?" என்று கேட்பார்.

அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீங்க. 2018 ஏப்ரலில் பிரித்தானியாவின் டிஎஸ்பி வங்கி, லாய்ட்ஸ் வங்கியின் பழைய அமைப்பிலிருந்து புதிய தளத்துக்கு மாறியது. பெரும்பாலான வேலை ஒரே வார இறுதியில் நடந்தது. தரவுகள் சரியாகத்தான் போய்ச் சேர்ந்தன. ஆனால் புதிய தளம் உடனேயே தடுமாறியது. 5.2 மில்லியன் வாடிக்கையாளர்களில் கணிசமான பகுதியினர் பாதிக்கப்பட்டார்கள். வழமைக்குத் திரும்ப டிசம்பர் ஆகிவிட்டது. 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் விதித்த அபராதம் 48.65 மில்லியன் பவுண்.

இதில் நமக்குப் பாடம் என்ன? வரிசைகளை எண்ணிப் பார்த்து "எல்லாம் வந்துட்டுது" என்று சொன்னால் காணாது. திங்கட்கிழமை காலை எல்லாரும் ஒரேயடியாக உள்ளே வரும்போது தாங்குமா என்றும் பார்க்கணும்.

வழியைத் தெரிவு செய்யமுன் நான் மூன்று கேள்விகள் கேட்பேன்.

முதலாவது, எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கலாம்? ஞாயிறு முழுக்க மூடியிருக்கும் ஒரு மொத்த வியாபாரக் கம்பெனிக்கும் 24 மணி நேர ஆஸ்பத்திரிக்கும் ஒரே விடை பொருந்தாது.

இரண்டாவது, இதை யார் யார் பாவிக்கினம்? இரவில் ஓடும் வேலைகள், கணக்குப் பிரிவின் எக்செல் தாள், பார்சல் லேபிள் அடிக்கும் பிரின்டர் எல்லாம் இதில் தொங்கிக்கொண்டிருக்கும். எந்தக் கம்ப்யூட்டர் வந்து இணையுது என்பதைக் குறைந்தது ஒரு மாதம், மாதக் கடைசியையும் சேர்த்துப் பதிவு செய்யுங்க.

மூன்றாவது, திரும்பி வர வழி இருக்கா? புதிய எஸ்கியூஎல் சர்வரில் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்பில் மீட்க முடியாது. ஆகவே எத்தனை மணிக்குள், யார் "நிப்பாட்டு" என்று சொல்வது என்பதை முதலே எழுதி வையுங்க.

அதே வகை டேட்டாபேஸின் புதிய பதிப்புக்கு மட்டும் போறதென்றால் என் தெரிவு இதுதான்: பழையதைத் தொடாமல் பக்கத்தில் புதிய சர்வரை வைத்து, அதில் ஒரு பிரதியை மீட்டெடுங்க. கம்பாட்டிபிலிட்டி லெவலைப் பழைய 110இலேயே விடுங்க. குவெரி ஸ்டோரைப் போட்டு, எந்தக் கேள்வி எவ்வளவு நேரம் எடுக்குது என்று பதியுங்க. பிறகு லெவலைக் கூட்டி ஒப்பிடுங்க. ஏதாவது மந்தமானால் லெவலை மட்டும் இறக்கலாம். மாற்றும் நாளுக்கு முதல் மணிக்கூட்டைப் பார்த்து இரண்டு மூன்று தரம் ஒத்திகை பார்த்தால் பதட்டம் பாதியாகக் குறையும்.

டேட்டாபேஸ் வகையையோ அதன் மேல் உள்ள மென்பொருளையோ மாத்துறதென்றால் துண்டு துண்டாகப் போங்க. மார்ட்டின் ஃபௌலர் 2004இல் இந்த முறைக்கு, மரத்தைச் சுற்றி வளரும் ஒரு வகை அத்தியின் பெயரை வைத்தார். ஊரில் பனையைச் சுற்றி ஆலமரம் வளருமே, அதே கதைதான். முதலில் ரிப்போர்ட்டுகளை மாத்துங்க, பிறகு ஒரு சின்னப் பகுதி, கடைசியில் பில்லிங். ஒவ்வொரு பகுதிக்கும் எழுதும் இடம் ஒன்றாகத்தான் இருக்கணும். இரண்டிலும் எழுதவிட்டால் எது சரியான இருப்பு என்று ஒருவருக்கும் தெரியாது.

இந்த வழிக்கும் விலை உண்டு. இரண்டு அமைப்பையும் கொஞ்சக் காலம் பராமரிக்கணும். பாதியில் பட்ஜெட் முடிந்தால் ஒரு பழைய சிஸ்டத்துக்குப் பதிலாக இரண்டு மிஞ்சும். பழையதை அணைக்கும் திகதியையும் திட்டத்திலேயே கேட்டு வாங்குங்க.

உங்கட வேலையிடத்தில் இன்னும் ஓடுற ஆகப் பழைய டேட்டாபேஸ் எது? கம்பெனிப் பெயர் வேண்டாம், பதிப்பை மட்டும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் கதைப்போம்.