வெள்ளியும் எங்களுடையதுதான்

பெஸ்தாரி ஜெயாவை இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் எங்கள் வாய் சொல்கிறது. அதன் அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை பயிரானது. அந்தச் சுற்றுவட்டாரத் தோட்டம் ஒன்றில், லயத்துக்குப் பின்னால் இரண்டு கம்புகளை நட்டு, பழைய மீன்வலையைக் கட்டிப் பூப்பந்து ஆடி வளர்ந்தோம். அந்தத் திடலில் மட்டை பிடித்த ஒவ்வொருவனுக்கும் நம் பூப்பந்து வீரர் லீ சோங் வெய் ஆகிவிடத்தான் ஆசை.

2012 ஆகஸ்ட் 5, லண்டன் ஒலிம்பிக் இறுதியாட்டம். தோட்ட மண்டபத்தில் உட்கார இடமில்லை. மூன்றாவது செட்டில் 19-19. அடுத்த இரண்டு புள்ளிகளையும் சீனாவின் லின் டான் எடுத்தார். 2008 பெய்ஜிங்கைப் போலவே சோங் வெய்க்கு மீண்டும் வெள்ளி. ஒருவரும் பேசாமல் எழுந்து வீட்டுக்கு நடந்தோம்.

அதன்பின் சோங் வெய்யைப் பார்ப்பதே வேதனையாகிவிட்டது. 2014 உலகப் போட்டியில் எடுத்த சோதனையில் டெக்ஸாமெத்தசோன் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து சிக்கியது. ஏமாற்றும் நோக்கமில்லை என்று விசாரணைக் குழு ஏற்றது. ஆனாலும் எட்டு மாதத் தடை, பறிபோன வெள்ளி. குழுவின் முடிவை நான் நம்பினேன். இருந்தும் அந்த முள் நெஞ்சில் தங்கிவிட்டது.

2016 ரியோ அரையிறுதியில் ஒருவழியாக லின் டானை வென்றார். மறுநாள் இறுதியில் சீனாவின் சென் லோங்கிடம் 18-21, 18-21. மூன்றாவது வெள்ளி. அடுத்த ஆண்டு கிளாஸ்கோ உலகப் போட்டியில், பிரான்சின் பிரைஸ் லெவர்டேஸிடம் முதல் சுற்றிலேயே தோற்றார். “இந்த ஆளு மரியாதையா போயிடலாம்” என்று வீட்டில் கத்தினேன்.

அப்பா முப்பது ஆண்டுகள் செம்பனைக் குலை வெட்டியவர். நீண்ட கம்பில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்தே கழுத்தும் தோளும் தேய்ந்த மனிதர். அவர் சொன்னார்: “அவன் தோளு அவனுக்குத் தெரியும்டா. நிறுத்துன்னு சொல்ல நீ யாரு?”

எனக்குப் பதில் வரவில்லை. அப்பாவின் கை தளர்ந்தபோது, இனி வேண்டாம் என்று அவரிடம் சொல்ல எங்களில் யாருக்கும் மனம் வந்ததில்லை. முகம் தெரியாத ஒருவரிடம் அதை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

2018 ஜூலை 1, புக்கிட் ஜாலில். 35 வயது சோங் வெய், ஜப்பானின் கெந்தோ மொமோத்தாவை 21-17, 23-21 என வீழ்த்தி 12ஆவது முறையாக மலேசியப் பொதுப் போட்டியை வென்றார். நான் அழுதேன். மகிழ்ச்சி பாதி, வெட்கம் பாதி. நான் சொன்னபடி அவர் போயிருந்தால் இந்த நாளே இல்லை. சில மாதங்களில் மூக்குப் புற்றுநோய் என்ற செய்தி வந்தது. 2019 ஜூன் 13 அன்று கண்ணீரோடு விடைபெற்றார்.

மொத்தம் 349 வாரங்கள் உலகின் முதலிடம். லின் டானோடு ஆடிய 40 ஆட்டங்களில் 28இல் தோல்வி. இரண்டும் ஒரே மனிதரின் கணக்குதான். அந்த ஒலிம்பிக் தங்கம் கிடைத்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் எனக்கு இன்னும் தீரவில்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஏக்கம் எனக்குரியது. அதை அவர் தலையில் கடனாகச் சுமத்தியது என் பிழை.

இன்று நம் வீட்டுப் பிள்ளை தீனா முரளிதரன், பெர்லி டானோடு இரட்டையர் ஆட்டத்தில் இறங்கும்போது தோட்டத்து வீடுகளில் தொலைக்காட்சி அணைவதில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர்கள் நான்காம் இடம் பெற்றார்கள். நாளை அந்தத் தோள்களும் தளரும். அப்போது “போதும், போ” என்று நம் வாயிலிருந்து வரவேண்டாம். அதை அவர்கள் சொல்லட்டும். அதுவரை நாம் கைதட்டுவோம்.