குண்டு தாள் முழுக்கச் சிதறுகிறதா? ஸ்கோப்பைக் குறை சொல்லும் முன் திருகுகளைப் பாருங்கள்

சுடும் கழகங்களில் வார இறுதியில் அடிக்கடி காணும் காட்சி இது. புதிதாக ஸ்கோப் பொருத்திய .22 ரைஃபிளோடு ஒருவர் மேசை முன் உட்கார்ந்திருப்பார். முதல் குண்டு இடப்பக்கம் விழும். உடனே ஸ்கோப்பின் குமிழை வலப்பக்கமாக நான்கு கிளிக் திருப்புவார். அடுத்த குண்டு மேலே போகும். மறுபடியும் திருப்புவார். மூன்றாவது குண்டு தாளையே தொடாது. ஐம்பது தோட்டாக்கள் கொண்ட பெட்டி காலியாகும்போது, தொடங்கியதைவிட மோசமான நிலையில் இருப்பார். கிளம்பும்போது, "ஸ்கோப் சரியில்லை, வேறு வாங்க வேண்டியதுதான்" என்று முடிவும் செய்திருப்பார்.

பல சமயங்களில் அந்த ஸ்கோப்பில் எந்தக் கோளாறும் இருக்காது. சில நூறு ரிங்கிட் செலவழித்து வேறொன்று வாங்கிப் பொருத்தினாலும் அதே கதைதான் தொடரும்.

தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர்களுக்குக் காட்டுப்பன்றி விரட்டும் இரட்டைக்குழல் துப்பாக்கி பழக்கமானது. அதில் ஈயச் சன்னங்கள் பரவிப் பாய்வதால் ஓரிரு அங்குல வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ரைஃபிள் அப்படியல்ல. 2.6 கிராம் எடையுள்ள ஒற்றைக் குண்டு, ஒரு புள்ளியை நோக்கிப் போகிறது. மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி ஏர் ரைஃபிளுக்குக்கூட உரிமம் வேண்டும். சிங்கப்பூரிலும் விதிகள் கடுமையானவை. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் உரிமத்தோடு, அனுமதி பெற்ற சுடும் தளத்தில் செய்ய வேண்டியவை. எதைத் தொடும் முன்பும் தோட்டாவை அகற்றி, அறை காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

முதலில் ஐந்து குண்டுகள், பிறகுதான் குமிழ்

ஒரே ஒரு குண்டு விழுந்த இடத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. குமிழைத் தொடாமல், ஒரே புள்ளியைக் குறி வைத்து ஐந்து குண்டுகள் சுட வேண்டும். துளைகள் சேர்ந்து விழும் அந்தத் தொகுப்பைத்தான் 'குரூப்' என்கிறார்கள். இனிச் செய்ய வேண்டியது என்ன என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

ஐந்து துளைகளும் நெருக்கமாக, ஆனால் மையத்துக்கு வெளியே விழுந்திருந்தால் ரைஃபிள் நலமாக இருக்கிறது. குமிழைத் திருப்பி அந்தக் குரூப்பை மையத்துக்குக் கொண்டுவந்தால் வேலை முடிந்தது. துளைகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் குமிழைத் திருப்பி எந்தப் பயனும் இல்லை. அங்கே ஏதோ ஒன்று அசைகிறது. அது திருகாக இருக்கலாம், கட்டையாக இருக்கலாம், தோட்டாவாக இருக்கலாம், சுடுபவரின் தோளாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் குமிழைத் திருப்புவது, ஆடுகிற நாற்காலியில் நின்றுகொண்டு சுவரில் படத்தை நேராக்குவது போன்றது.

எவ்வளவு சின்ன அசைவு எவ்வளவு பெரிய தவறாகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்கோப்பைத் தாங்கும் இரு வளையங்களுக்கும் இடையே 10 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். பின் வளையம் 0.1 மில்லிமீட்டர், அதாவது தடித்த தலைமுடி அளவு, உயர்ந்தால் போதும். 50 மீட்டரில் குண்டு 5 சென்டிமீட்டர் தள்ளி விழும். 50 மீட்டர் ரைஃபிள் போட்டித் தாளில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான்.

(அந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை, துளைக் குறிகாட்டி மட்டுமே. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாகக் களமிறங்கிய மலேசிய வீராங்கனை நூர் சுரியானி, 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் சுட்டதும் ஸ்கோப் இல்லாமல்தான்.)

கீழிருந்து மேலே

தேடலைக் கீழிருந்து தொடங்குவது நல்லது. பலர் வளையத்தின் திருகுகளை மட்டும் இறுக்கிவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். ஆனால் .22 ரைஃபிள்களில் அதிகம் ஏமாற்றுவது மரக்கட்டையையும் இரும்பு உடலையும் சேர்க்கும் அடித் திருகுதான். நம் ஊர் ஈரப்பதத்தில் மரம் ஊதும், வற்றும். போன மாதம் இறுக்கிய திருகு இந்த மாதம் கால் சுற்று தளர்ந்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது.

அடுத்தது ஸ்கோப் உட்காரும் தளம். பெரும்பாலான .22 ரைஃபிள்களின் முதுகில் 11 மில்லிமீட்டர் அகலத்துக்கு இரு பக்கமும் பள்ளம் இருக்கும். அகலமான வீவர் ரெயிலுக்குச் செய்த வளையம் அதில் சரியாகப் பிடிக்காது. பிடித்தது போல நடிக்கும். தனியாகத் தளம் திருகப்பட்டிருந்தால் அந்தத் திருகுகளைக் கழற்றி, எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்து, மறுபடி போட வேண்டும். திருகு அளவுக்கு மீறி நீளமாக இருந்தால் அடியில் முட்டி நின்று, இறுகிவிட்டது போலக் காட்டும். தளமோ ஆடிக்கொண்டே இருக்கும். புதிதாகத் துளை போடும் தேவை வந்தால் அதை உரிமம் பெற்ற ஆயுதக் கடையிடம் விட்டுவிட வேண்டும்.

கடைசியாக வளையங்கள். இங்கே தவறு எதிர்த்திசையில் நடக்கிறது. தளர்ந்துவிடுமோ என்ற பயத்தில் ஆலன் சாவியைக் குழாய் செருகி முறுக்குபவர்கள் உண்டு. வளையத் திருகுக்கு ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். சாவியின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து இரண்டு விரலால் திருகினால் வரும் பலம் அது. அதற்கு மேல் போனால் அலுமினியக் குழாய் நசுங்கி, உள்ளே நகர வேண்டிய பாகம் சிக்கிக்கொள்ளும். அப்புறம் குமிழைத் திருப்பினாலும் குண்டு நகராது. இரண்டு தோட்டா கழித்துத் திடீரென்று குதிக்கும். நல்ல ஸ்கோப் கெட்ட ஸ்கோப்பாவது இப்படித்தான். நான்கு திருகுகளையும் மூலைக்கு மூலை, கொஞ்சம் கொஞ்சமாக, இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி இறுக்க வேண்டும்.

கிளிக் கணக்கில் வரும் குழப்பம்

ஸ்கோப்பில் ஒரு கிளிக்குக்கு கால் அங்குலம் என்று எழுதியிருக்கும். அது 100 கஜத்துக்கு உரிய கணக்கு. 50 கஜத்தில் ஓர் அங்குலம் நகர்த்த எட்டு கிளிக் வேண்டும். 25 கஜத்தில் பதினாறு. இதை அறியாதவர் 25 கஜத்தில் நான்கு கிளிக் திருப்பிவிட்டு, "குமிழ் வேலை செய்யவில்லை" என்று சலித்துக்கொள்கிறார். குமிழில் உள்ள அம்பு, குண்டு நகர வேண்டிய திசையைக் காட்டுவது. குறுக்குக்கோடு நகரும் திசையை அல்ல.

தூரத்தையும் மறக்கக் கூடாது. ஸ்கோப் குழலுக்கு மேலே ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. குண்டோ 50 மீட்டரைத் தொடுவதற்குள் 12 சென்டிமீட்டர் அளவுக்குத் தாழ்ந்துவிடும். அதனால் சாதாரண வேகத் தோட்டாவில் 50 மீட்டருக்கு ஜீரோ செய்த ரைஃபிள், 10 மீட்டரில் சுமார் ஒரு சென்டிமீட்டர் கீழேயும், 25 மீட்டரில் அதே அளவு மேலேயும் சுடும். 100 மீட்டரில் ஒரு சாண் அளவுக்குக் கீழே போய்விடும். ரைஃபிள் கெட்டுவிடவில்லை; பாதையே வளைவானது. தோட்டா வகையை மாற்றினாலும் இதே கதை. அதிவேகத் தோட்டாவுக்கு மாறினால் 50 மீட்டரில் சில சென்டிமீட்டர் வித்தியாசம் வரலாம். ஒரு பிராண்டுக்கு ஜீரோ செய்துவிட்டு, கடையில் கிடைத்த வேறொன்றை வாங்கி வந்து குறை சொல்பவர்கள் குறைவில்லை. குழலைத் துடைத்த பிறகு முதல் சில குண்டுகளும் விலகிப் போகும். அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இன்னொன்று, தலை அசைந்தால் குறியும் அசைவது. ரைஃபிளை மணல் மூட்டையில் அசையாமல் வைத்துவிட்டு, கண்ணை மட்டும் இடமும் வலமும் நகர்த்திப் பார்த்தால் குறுக்குக்கோடு தாளின் மேல் ஊர்வது தெரியும். .22க்கென்று செய்த ஸ்கோப்புகள் பெரும்பாலும் 50 கஜத்துக்குச் சரி செய்யப்பட்டவை. பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப்போ 100 கஜத்துக்கு. அதைக் கொண்டுவந்து 25 மீட்டரில் சுட்டால், கன்னத்தை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வைத்தால்தான் குரூப் சுருங்கும்.

குமிழ் கடைசிவரை திரும்பியும் குண்டு கீழேயே விழுந்தால், பின் பக்கத் தளத்தின் அடியில் மெல்லிய தகடு வைக்கலாம். குளிர்பானக் கேனை வெட்டினால் கிடைக்கும் தகட்டின் தடிமன் ஏறக்குறைய அதே 0.1 மில்லிமீட்டர். 50 மீட்டரில் அந்த 5 சென்டிமீட்டர், இம்முறை நமக்கு உதவும்.

இத்தனைக்கும் பிறகும் சிதறினால்தான் ஸ்கோப்பைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு எளிய சோதனை உண்டு. ஒரே புள்ளியைக் குறி வைத்தபடி, ஒவ்வொரு குரூப்புக்கும் பின் மேலே இருபது கிளிக், வலம் இருபது, கீழே இருபது, இடம் இருபது. தாளில் ஒரு சதுரம் விழுந்து, கடைசிக் குரூப் முதல் குரூப்பின் மேலேயே வந்து உட்கார வேண்டும். வரவில்லையென்றால் உள்ளே பழுது. ஏர்கான் காரிலிருந்து வெயிலுக்கு எடுத்ததும் கண்ணாடியின் வெளிப்புறம் மூடுபனி பிடிப்பது சாதாரணம், துடைத்தால் போகும். உட்புறத்தில் பிடித்தால் அடைப்பு விட்டுப்போயிருக்கிறது, கடைக்குத்தான் போக வேண்டும்.

எது செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஐந்து குண்டு சுட்டுப் பார்ப்பது தோட்டாவை மிச்சப்படுத்தும். எல்லாம் சரியானதும் ஒவ்வொரு திருகின் தலையிலிருந்து தளம்வரை நகப்பூச்சால் ஒரு சின்னக் கோடு போட்டு வைக்கலாம். அடுத்த முறை குண்டு விலகினால், குமிழில் கை வைக்கும் முன் அந்தக் கோடு உடைந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.