பதினெட்டாம் வயதும் ஜெர்மன் வகுப்பும்

தில்லி, மும்பை, கொல்கத்தா, புனே, பெங்களூரு ஆகிய நகரங்களில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் ஜெர்மன் மொழிப் பாடநூல் இன்று புதிய பொருளன்று. மேற்படிப்பை நாடும் மாணவனும், செவிலித் தொழிலுக்குச் செல்ல விழையும் நங்கையும் மாக்ஸ் முல்லர் பவனிலோ பிற வகுப்புகளிலோ அம்மொழியைப் பயில்கின்றனர். அவர்கள் இடைநிலைக்கு வந்ததும் எதிர்ப்படக்கூடிய பாடங்களுள் ஒன்று, வயது வந்தோரின் உரிமைகளையும் கடமைகளையும் பற்றியது. ஜெர்மனியிலேயே குடியேறுவோருக்காக 2005 முதல் நடைபெறும் ஒருங்கிணைப்பு வகுப்புகளிலும் மொழியோடு சட்டமும் வரலாறும் கற்பிக்கப்படுகின்றன. இப்பாடம் பிள்ளைகளுக்கு மட்டுமன்றிப் பெற்றோருக்கும் உரியது என்பது நம் கருத்து.

ஜெர்மனியில் வயது படிப்படியாகவே வருகிறது. ஏழு வயது நிறையாத குழந்தை செய்யும் ஒப்பந்தம் செல்லாது. அதன்பின் 18 வரை பெற்றோரின் இசைவு வேண்டும். எனினும் கைச்செலவுக்கென்று கொடுத்த காசில் சிறுவன் வாங்கிய பொருள் செல்லும். சட்டத்தின் அந்தப் பிரிவை மக்கள் 'கைச்செலவுப் பிரிவு' என்றே அழைக்கின்றனர். 14இல் சமயத்தைத் தானே தேர்ந்துகொள்ளலாம். குற்றத்திற்குப் பொறுப்பும் அதே வயதில் வந்து சேர்கிறது. 16இல் பீர் வாங்கலாம். அந்நாட்டுக் குடிமக்கள் அடையாள அட்டை வைத்திருக்கவும் வேண்டும். 17இல், 30 வயதுக்குக் குறையாத உரிமதாரர் ஒருவர் அருகில் அமர்ந்திருக்க, கார் ஓட்டலாம். திருமணமும், தன் பெயரில் ஒப்பந்தமும், நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கும் 18இல். வாக்குரிமை குடிமக்களுக்கே உரியது. நம் பிள்ளைகள் ஒப்பந்தத்தின் சுமையை மட்டும் உடனே பெறுகின்றனர்.

இங்கே ஒரு வேடிக்கையைக் குறிப்பிடலாம். மேற்கு ஜெர்மனியில் 1970இல் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது; ஆனால் வயது வந்தோர் என்னும் நிலை 1975 ஜனவரி 1 அன்றுதான் 18க்கு இறங்கியது. ஆகவே 1972 தேர்தலில் நாட்டின் ஆட்சியைத் தீர்மானித்த இளைஞன், தந்தையின் இசைவின்றி ஒரு வாடகை அறையைப் பேசி முடிக்க இயலவில்லை. நம் நாட்டிலோ நேர்மாறு. 1875ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதினரை வயது வந்தோர் ஆக்கிவிட்டது. வாக்குச்சீட்டுக்கு அவர்கள் 1989 வரை, 21 நிறையக் காத்திருந்தனர்.

வகுப்பில் இப்பாடம் பெரும்பாலும் வினா விடையாகவே நடைபெறும். 'எந்த வயதில் இன்னது செய்யலாம்?' என்று கேட்டு, பீரையும் காரையும் பற்றிச் சிரித்து முடித்துவிடுதல் எளிது. பாடத்தின் உயிர்நிலை வேறிடத்தில் இருக்கிறது. 'ட்யுர்ஃபன்', 'ம்யுஸ்ஸன்' என்னும் இரண்டு வினைகளில் இருக்கிறது. முன்னது அனுமதியையும் பின்னது கட்டாயத்தையும் குறிக்கும். எதிர்மறையில்தான் இடர்ப்பாடு. ஆங்கிலத்தில் 'மஸ்ட் நாட்' என்றால் தடை. அதைப் போலவே தோன்றும் ஜெர்மன் 'ம்யுஸ்ஸன் நிஷ்ட்' தடையன்று. 'தேவையில்லை' என்பதே அதன் பொருள். ஆங்கிலத்தின் வழியாக ஜெர்மனைப் பயில்வோர் இங்கே இடறுகின்றனர்.

தமிழின் வழியாகச் சென்றால் இவ்விடர் இல்லை. கையெழுத்திடலாம், கையெழுத்திடக் கூடாது, கையெழுத்திட வேண்டும், கையெழுத்திட வேண்டியதில்லை என்னும் நான்கும் ஜெர்மனின் நான்கு வடிவங்களோடு அப்படியே பொருந்துகின்றன. வீட்டுக்காரர் ஒரு தாளை நீட்டி, இதில் கையெழுத்திட வேண்டியதில்லை என்று சொல்லும்போது, கூடாது என்று விளங்கிக்கொள்பவன் தனக்கு உரிய தேர்வை இழக்கிறான். அயல்மொழிக்கு ஆங்கிலமே வாயில் என்று கருதும் நம் பெற்றோர் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.

அங்கே சென்று சேர்ந்த பிள்ளை குடிபுகுந்த இரண்டு வாரத்திற்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வீட்டுக்கு வீடு வானொலி தொலைக்காட்சிக் கட்டணம் உண்டு. பெட்டி இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. கைபேசிக்கு இடும் கையெழுத்து இரண்டாண்டு வரை கட்டிப்போடலாம். இவை யாவும் பிள்ளையின் பெயரிலேயே நிகழும். பல பள்ளிகளில் மேல்வகுப்பு மாணவரை ஆசிரியர் 'டூ' என்று ஒருமையில் விளியாது 'ஸீ' என்று மரியாதைப் பன்மையில் விளிக்கத் தொடங்குகின்றனர். நேற்று வரை 'நீ' என்றழைக்கப்பட்டவன் 'நீங்கள்' ஆகிறான். அம்மரியாதையின் பின்னே கணக்குச் சீட்டும் வருகிறது.

இனிப் பெற்றோர் பக்கம். மேலைநாட்டில் 18 வயதானால் பிள்ளை யாரோ, பெற்றோர் யாரோ என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. ஜெர்மன் சட்டம் அவ்வாறு கூறவில்லை. பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் துணையும் மதிப்பும் தரக் கடமைப்பட்டவர்கள் என்று அது சொல்கிறது. இதற்கு வயது வரம்பில்லை. பெற்றோர் வீட்டில் அவர்கள் செலவில் வாழும் பிள்ளை, வளர்ந்தவனாயினும், வீட்டு வேலைகளில் தன் ஆற்றலுக்கேற்ப உதவ வேண்டும் என்றும் சட்டநூலில் எழுதியிருக்கிறது! தொழிற்கல்வி முடியும் வரை பிள்ளையைத் தாங்குவது பெற்றோர் கடமை. முதிய பெற்றோரைத் தாங்குவது பிள்ளையின் கடமை. ஆனால் சமூக நல அலுவலகம் தான் செய்த செலவைப் பிள்ளையிடம் கேட்பது, 2020 முதல் அவன் ஆண்டு வருமானம் ஒரு லட்சம் யூரோவைக் கடந்தால் மட்டுமே. நம் நாட்டில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோர் பராமரிப்பை வலியுறுத்துவதை அன்பர்கள் அறிவர்.

ஆயினும் ஒரு கதவு அடைபடுகிறது. 18 நிறைந்த மகளின் உடல்நிலையை அவள் இசைவின்றி மருத்துவர் தாயிடம் உரைக்கக் கூடாது; மகனின் தேர்வு முடிவைப் பல்கலைக்கழகம் தந்தைக்குத் தெரிவிக்காது. தொலைபேசியில் மன்றாடினும் பயனில்லை. புறப்படுமுன் வீட்டில் அமர்ந்து பேசி, இடர் நேர்ந்தால் மருத்துவர் இன்னாரிடம் பேசலாம், தன் சார்பில் இன்னார் முடிவெடுக்கலாம் என்று ஓர் அதிகாரப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளுதல் நன்று. அதில் கையெழுத்திட வேண்டியவர் பிள்ளையே. தந்தை கையெழுத்திட வேண்டியதில்லை.