தானாகக் கரையும் கட்டி: கோழியும் எலியும் சொல்லித் தரும் கணக்கு

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு பஸ்ஸில் போயிருக்கீங்களா? ஆண்டகளூர் கேட் தாண்டினதும் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் தூரத்தில் நீள நீளமான கோழிக் கொட்டகைகள் தெரிய ஆரம்பிக்கும். அங்கே வளர்கிற முட்டைக்கோழிகளுக்கு, குஞ்சு பொரித்த முதல் நாளே கழுத்துத் தோலுக்கடியில் ஒரு ஊசி போடுவது வழக்கம். அது எதுக்கான ஊசின்னு தெரியுமா? கேன்சருக்கு!

அந்த நோயின் பெயர் மேரக்ஸ். 1907-இல் ஹங்கேரியைச் சேர்ந்த யோசெஃப் மேரக் இதை முதலில் விவரித்தார். கோழி ஒரு காலை முன்னாடியும் ஒரு காலைப் பின்னாடியும் நீட்டிக்கொண்டு படுத்துவிடும். அறுத்துப் பார்த்தால் ஈரலிலும் மண்ணீரலிலும் கட்டிகள் இருக்கும். இதற்குக் காரணம் ஹெர்பிஸ் வகை வைரஸ் என்று 1967-இல் கண்டுபிடித்தார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் தடுப்பூசியும் வந்துவிட்டது. ஒரு புற்றுநோயைத் தடுக்க வந்த முதல் வெற்றிகரமான தடுப்பூசி இதுதான். அது வந்தது மனுஷனுக்கு இல்லை, கோழிக்கு!

சரி, விஷயத்துக்கு வருவோம். "ஆராய்ச்சிக்கூடத்தில் கட்டி தானாகவே கரைந்தது, சிகிச்சையே தேவையில்லை" என்கிற மாதிரி வாட்ஸ்அப் ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். இது முழுப் பொய்யா? இல்லை. அதனால்தான் ஆபத்து. அதில் பாதி உண்மை.

அந்தப் பாதியை முதலில் பார்ப்போம். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிகனில் உள்ள கோழி ஆய்வுக்கூடத்தில் ஜே.எம். சர்மாவும் அவருடைய குழுவும் ஒரு கேள்வி கேட்டார்கள்: குஞ்சுகள் மேரக்ஸில் செத்துப்போகின்றன, வளர்ந்த கோழிகள் ஏன் தப்பிக்கின்றன? வளர்ந்த கோழிக்கு நோய் ஒட்டவே இல்லை என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் அவற்றின் உடம்பிலும் நோயின் பாதிப்புகள் உண்டாகியிருந்தன. பிறகு அவை மெல்ல மெல்ல மறைந்துவிட்டன. மருந்து எதுவும் கொடுக்கவில்லை.

யார் கரைத்தது? அதையும் சோதித்தார்கள். பொரித்த உடனே குஞ்சின் தைமஸ் சுரப்பியை எடுத்துவிட்டார்கள். டி செல்கள் என்கிற வெள்ளையணுக்கள் பயிற்சி எடுக்கிற இடம் அது. தைமஸ் இல்லாத கோழி வளர்ந்த பிறகும் அந்தப் பாதுகாப்பு வரவில்லை. ஆக, கட்டி "தானாக" மறையவில்லை. உள்ளே ஆள் வெச்சு வேலை நடந்திருக்கு.

கோழியிலேயே இன்னொரு உதாரணம், ரவுஸ் சார்கோமா. வைரஸால் புற்றுநோய்க் கட்டி வரும் என்று 1911-இல் காட்டிய பெய்ட்டன் ரவுஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966-இல்! அதே வைரஸை ரெண்டு வகைக் கோழிகளுக்குச் செலுத்தினால், பி2 என்ற மரபணு வகை உள்ள கோழிகளில் கட்டி வளர்ந்து பிறகு சுருங்குகிறது. பி5 வகைக் கோழிகளில் வளர்ந்துகொண்டே போய்க் கொல்கிறது. எதிரியை அடையாளம் காட்டித் தரும் மரபணுக்கள் அவை.

இப்போ நம்ம ஊர் பேருள்ள இன்னொரு ஊருக்குப் போவோம். அமெரிக்காவின் வின்ஸ்டன்-சேலம். அங்கே வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் 1999-இல் செங் சுயி என்பவரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு ஆண் எலிக்குப் புற்றுச் செல்களை ஊசி போட்டார்கள். மற்ற எலிகள் சில வாரங்களில் செத்துவிடும். இது சாகவில்லை. திரும்பத் திரும்பப் போட்டும் சாகவில்லை! அதன் வாரிசுகள் பலவற்றுக்கும் அந்தத் திறன் வந்தது. இளம் எலிகளில் புற்று பிடிக்கவே இல்லை; வயதான எலிகளில் பிடித்து வளர்ந்து, பிறகு மறைந்தது. அவற்றின் வெள்ளையணுக்களைச் சாதாரண எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் கட்டிகளும் கரைந்ததாக 2006-இல் அறிவித்தார்கள். ஆனால் அந்த எலி வழியாக மனுஷனுக்கு இன்னும் ஒரு மருந்து வரவில்லை.

இன்ஜினியரிங் பாஷையில் சொன்னால், கட்டி ஒரு தண்ணித் தொட்டி. செல் பெருகும் வேகம் உள்ளே வரும் குழாய். வெள்ளையணு அழிக்கும் வேகம் வெளியே போகும் குழாய். வெளியே போவது அதிகமானால் மட்டம் இறங்கும். சில விலங்குகளில் அந்த ரெண்டாவது குழாய் பெரியது, அவ்வளவுதான்.

இதனால் நமக்கு என்ன? ரெண்டு விஷயம்.

ஒன்று, ப்ராஜெக்ட் பண்ணுகிறவர்களுக்கு. ஒரு மூலிகைச் சாற்றை 10 எலிகளுக்குக் கொடுக்கிறீங்க, 5 எலிகளில் கட்டி சுருங்கியது என்று வைத்துக்கொள்வோம். உடனே போஸ்டர் அடிச்சிடாதீங்க. மருந்தே கொடுக்காத 10 எலிகளில் 4-க்குச் சுருங்கியிருந்தால் உங்கள் மருந்தின் பங்கு என்ன? போதாததற்கு, வேறொரு இன எலியிலிருந்து எடுத்து வைத்த கட்டியை, அந்நியப் பொருள் என்பதற்காகவே உடம்பு தள்ளிவிடும். கன்ட்ரோல் குரூப் இல்லாத ரிசல்ட், ஜீரோ செட் பண்ணாத தராசு மாதிரி.

ரெண்டாவது, வீட்டுக்கு. மனிதர்களிலும் கட்டி தானாக மறைவது உண்டு. 1900-க்குப் பிறகு உலகம் முழுக்க மருத்துவ இதழ்களில் வந்த செய்திகளைச் சலித்து, எவர்சன், கோல் என்ற ரெண்டு அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் 1966-இல் ஒரு புத்தகம் போட்டார்கள். நம்பத்தகுந்தவை என்று அவர்கள் ஏற்றுக்கொண்டது 176 பேரை மட்டும்தான். அத்தனை கோடிப் பேரில் 176! எலியில் கரைந்ததை நம்பி, அம்மாவோ பெரியப்பாவோ மார்பிலோ வாயிலோ வந்த கட்டியைக் காட்டாமல் ஆறு மாசம் காத்திருந்தால், அந்த ஆறு மாசமும் கட்டிக்குத்தான் லாபம்.

அப்போ இந்த ஆராய்ச்சியெல்லாம் வீணா? நிச்சயமா இல்லை. வெள்ளையணுவால் கட்டியைக் கரைக்க முடியும் என்று விலங்குகள் காட்டியதால்தான், "அப்படியானால் நம் உடம்பில் அதை எது தடுக்கிறது?" என்று கேட்க முடிந்தது. ஜேம்ஸ் ஆலிசன் 1996-இல் எலிகளில் டி செல்லின் ஒரு பிரேக்கை எடுத்துவிட்டுக் கட்டியை அழிய வைத்தார். இன்னொரு பிரேக்கைக் கண்டவர் ஜப்பானின் தசுகு ஹோஞ்சோ. இருவருக்கும் 2018-இல் நோபல். இன்று மருத்துவமனைகளில் கொடுக்கும் இம்யூனோதெரபி மருந்துகள் அங்கிருந்து வந்தவை.

நாமக்கல் பண்ணைக்காரர் யாரும் "வளர்ந்த கோழிக்குத் தானா சரியாயிடும்" என்று ஊசியைத் தள்ளிப்போடுவதில்லை. முதல் நாளே போட்டுவிடுகிறார். கோழிக்கு நாம் காட்டுகிற அந்த அவசரத்தை வீட்டு மனுஷங்களுக்கும் காட்டுவோம். அடுத்த முறை அந்த ஃபார்வர்டு வந்தால், கீழே ரெண்டே கேள்வி டைப் பண்ணுங்க: "எந்த விலங்கு? கன்ட்ரோல் குரூப் எங்கே?"